ஒரு பெட்டியிலிருந்து இரண்டு டிவிக்கு

என் மனைவி எனக்குப் பந்து சொல்வதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது.

பந்து சொல்வது என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் நடக்கும்போது ஒவ்வொரு பந்தையும் நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். ஓட்டமில்லாத பந்துக்குப் புள்ளி, ஓட்டத்துக்கு எண், விக்கெட்டுக்குப் பெருக்கல் குறி. குனிந்து எழுதுகிறவன் நிமிர்வதற்குள் அடுத்த பந்து போய்விடும். ஆகவே பார்க்கிற வேலை அவளுடையது, எழுதுகிற வேலை என்னுடையது. "ஒண்ணு" என்பாள். "ஆச்சு" என்பேன். "புள்ளி." "ஆச்சு." "நாலு. அந்தத் தடியன் கொஞ்சம் குனிஞ்சிருந்தா ஒண்ணோட போயிருக்கும். அவனுக்குக் குனிய வலிக்குது. எழுதுங்க நாலு." "ஆச்சு."

கல்யாணமான புதிதில் ரேடியோவை வைத்துக்கொண்டு தொடங்கிய வழக்கம் இது. நாற்பத்தாறு வருஷத்தில் இருபத்துமூன்று நோட்டுகள் நிரம்பின. அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. யாரும் எடுத்துப் பார்த்ததில்லை, நான் உட்பட.

நான் அரசாங்கப் பண்டகசாலை ஒன்றில் இருப்புச் சரிபார்க்கும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். போல்ட்டு, நட்டு, வாஷர் என்று அடுக்கில் இருப்பதை எண்ணி, புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. மாடியில் காயும் துணிகளின் கிளிப்புகளை எண்ணுகிறேன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களை எண்ணுகிறேன். எண்ணி முடித்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டால் பதில் இல்லை. எண்ணாமல் விட்டால் அன்றைக்குப் படபடப்பாக இருக்கிறது.

டிவியில் சத்தமும் எண்ணாகத்தான் தெரிகிறது. ஹால் டிவி வாங்கிய வருஷம் பதினெட்டு வைத்தால் போதும். பிறகு இருபத்துநாலு. பிறகு முப்பது. நாற்பதைத் தொட்டபோது ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு செய்தேன். இந்தக் காலத்து டிவிகளில் ஸ்பீக்கரை முதுகுப்பக்கம் வைத்துத் தொலைக்கிறார்கள், சத்தம் சுவருக்குத்தான் கேட்கிறது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்கினேன். அவர்கள் தலையாட்டினார்கள். என்ன பதில் சொன்னார்கள் என்பது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

போன ஆடி மாதம் மனைவிக்குக் காதுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் தொடங்கியது. எழுந்தால் தலைசுற்றல். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். "இரைச்சல் இருக்கிற இடத்துல உக்காராதீங்கம்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"சாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா?"

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

டாக்டர் அதையே இன்னும் இரண்டு முறை கேட்டாராம். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனைவி சொன்னாள்.

அன்றைக்கு மறுநாளே அவள் ஹாலிலிருந்து உள்ளறைக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் எங்களில் ஒருவர் காபி போட்டுக் கொடுத்து முடித்து வைத்திருப்பார். இதில் முடித்து வைக்க ஒன்றுமில்லை. நான் ஹாலில், நாற்பதில். அவள் உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு. இருபத்துநாலாவது நோட்டை நான் தனியாக எழுதினேன். ஒரு ஓவரில் ஐந்து பந்து இருக்கும், அடுத்த ஓவரில் ஏழு. மொத்தம் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. பாதியில் பேனாவை மூடிவைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு.

பொங்கலுக்கு வந்த மகள் உள்ளறையிலிருந்த பழைய டிவியை இன்டர்நெட்டில் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சின்ன டிவி, முப்பத்திரண்டு அங்குலம். "இனிமே அம்மா அவங்க சத்தத்துல பாக்கட்டும், நீங்க உங்க சத்தத்துல பாருங்க. ஒரே மேட்ச்தானே" என்றாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் விக்கெட் விழுந்தது. "அவுட்!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அவள் எழுந்து வந்து கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"என்னங்க ஆச்சு?"

"போல்டு! பாக்கலியா நீ?"

"எனக்கு அவன் இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்கான். கையுறையைச் சரி பண்ணிக்கிட்டிருக்கான் பாவம், தான் அவுட்டானது தெரியாம."

கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு நொடி. ஹாலில் செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் பந்து, உள்ளறையில் இன்டர்நெட் வழியாக முப்பத்தொரு நொடி கழித்து வருகிறது. இரண்டு மூன்று ஓவர் பார்த்தேன். முப்பதுக்குக் குறையவில்லை.

"நீங்க கத்தினப்புறம் நான் பாக்கறது நேத்து பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். "இதுல நான் எதைப் பாத்து உங்களுக்குப் பந்து சொல்றது? நீங்க பாத்து முடிச்சதையா?"

அதோடு அவள் பார்ப்பதையே விட்டுவிட்டாள். மத்தியான ஆட்டங்களின்போது கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, அணைந்து கிடக்கும் டிவிக்கு எதிரே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஆட்டத்தைப் பற்றி என்னைவிட நாலு மடங்கு தெரிந்தவள். அந்த அணைந்த டிவியைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது செட்டாப் பாக்ஸ் கேட்டு, முதலாவதைக் கொடுத்த கம்பெனிக்கு ஏழு முறை போன் செய்தேன். எதிர்முனையில் பேசிய பெண்கள் எல்லாருமே கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்கள். லைன் சரியில்லை என்று ஏழு முறையும் வைத்துவிட்டேன். மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் பதில் எழுதினாள்: "அப்பா, ஸ்ப்ளிட்டர்னு ஒரு சின்ன பெட்டி இருக்கு. செட்டாப் பாக்ஸ்ல இருந்து ஒரு கேபிள் உள்ளே போகும், ரெண்டு கேபிள் வெளியே வரும். ரெண்டு டிவியிலயும் ஒரே படம், ஒரே நேரத்துல. ஆன்லைன்ல அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்று எழுதினேன். கையில் எடுத்துப் பார்க்காமல், எண்ணாமல் நான் எந்தப் பொருளையும் ஏற்றுக்கொண்டதில்லை.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே பஸ்கள் உறுமுகிற இடத்தில் ஒரு கடை. கடைக்காரர் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் காட்டி ஏதேதோ சொன்னார். நான் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். துளைகளை எண்ணினேன். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. ஆக மூன்று. மகள் எழுதியதும் அதுதான்: ஒன்றும் இரண்டும். கடைக்காரர் ஏதோ கேட்டார். தலையாட்டினேன். அவர் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, சோதிப்பதற்காக உள்ளறை டிவியைச் சாப்பாட்டு மேசைக்குத் தூக்கி வந்தோம். அவள் ஒருபுறம், நான் ஒருபுறம். வீட்டிலிருந்த குட்டைக் கேபிள்களை மாட்டினேன். ஹாலில் படம் வந்தது, மேசையில் வரவில்லை. கேபிளை மாற்றினேன். மேசையில் வந்தது, ஹாலில் போய்விட்டது. இரண்டு நாள் இதே வேலை.

"எதையாவது தப்பா மாட்டிட்டீங்களோ?" என்றாள்.

"மூணு துளை, மூணு கேபிள். ஆறு விதமா மாட்டலாம். ஆறும் பாத்தாச்சு."

"அப்போ ஏழாவது விதம்தான் சரி போல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அந்த டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் வரை நடந்தேன். சித்திரை வெயில். இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது தப்படி, நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன். ஜங்ஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்னக் கடை. ரிமோட்டுகளும் ஒயர்களும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாதான் கடையை நடத்துகிறார். டப்பாவைத் திறந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா சார், இது ஸ்விட்ச்சு. ரெண்டு பொட்டிய ஒரே டிவில மாத்தி மாத்திப் பாக்கறதுக்கு. உங்களுக்கு வேண்டியது அப்டியே தலைகீழ். ஒரு பொட்டி, ரெண்டு டிவி. அதான் ஸ்ப்ளிட்டர்."

"ரெண்டுலயும் மூணு துளைதானேம்மா?"

"மூணுதான். மூக்குலயும் ரெண்டு துளை கீது, காதுலயும் ரெண்டு துளை கீது. அதுக்குன்னு மூக்கால கேக்க முடியுமா சார்?"

கடையில் நின்றிருந்த இன்னொருவர் சிரித்தார். காது என்று கடைக்கார அம்மா சொன்னது தற்செயல்தான் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. முப்பத்தொரு வருஷம் எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். எது எந்தப் பக்கம் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது என் வேலையில் வரவில்லை.

அந்த அம்மா நான்கு கேள்வி கேட்டார். ஹால் டிவி எவ்வளவு பெரியது? உள் டிவி எத்தனை வருஷப் பழசு? ஸ்ப்ளிட்டருக்குத் தனியாக பிளக் பாயின்ட் இருக்கிறதா? ஒயர் எத்தனை மீட்டர்? நான்காவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது. அளந்து வருகிறேன் என்று கிளம்பினேன்.

ஹாலின் டிவி மேசையிலிருந்து சுவரோரமாகத் தரையோடு தரையாக டேப் பிடித்தேன். உள்ளறை வரை பதினோரு மீட்டர் நாற்பது. நடுவில் பூஜை அறை வாசல் வருகிறது. அங்கே நான் மண்டியிட்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"இது எது வழியாப் போகுது?"

"சுவரோரமா. தரையோட."

"சாமி ரூம் நிலைப்படி மேலயா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வெக்கறேன். அது மேல கிரிக்கெட் போகணுமா?"

"வெறும் கேபிள்தானே."

"கேபிளுக்குள்ள என்ன போகுது?"

முட்டி வலித்தது. டேப்பைச் சுருட்டி, "உனக்கு வேணாம்னா விட்டுடறேன். யாருக்காக இந்த வெயில்ல அலையறேன்?" என்றேன்.

"வேணாம்னா சொன்னேன்? மேல போடுங்கன்னு சொன்னேன்."

எட்டு மாதத்தில் இந்த விஷயமாக அவள் வாயிலிருந்து வந்த முதல் சம்மதம் அது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஸ்டூலை அவள் பிடித்துக்கொண்டாள். நிலைக்கும் மேலே, மாவிலைத் தோரணத்துக்கும் மேலே கேபிள் போகவேண்டும் என்றால் ஏற இரண்டு மீட்டர் பதினைந்து, இறங்க இரண்டு மீட்டர் பதினைந்து. மொத்தம் பதினைந்து மீட்டர் எழுபது. கேபிள் பத்து, பதினைந்து, இருபது என்றுதான் கிடைக்கும். இருபது வாங்கினால் நாலு மீட்டர் முப்பது வீணாகச் சுருண்டு கிடக்கும். மேலே ஏறி இறங்குவதும் அதே நாலு மீட்டர் முப்பது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதல்.

மறுநாள் மறுபடி ராஜகீழ்ப்பாக்கம். இந்த முறை ஷேர் ஆட்டோ. கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, என் வலது பக்கமாக நின்று பேச ஆரம்பித்தார். ஏன் அங்கே வந்து நிற்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒயர்களைக் காட்டத்தான் வந்தார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் சொன்ன எல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நல்ல குரல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வகை எடுத்து வைத்தார். முதலாவது, வால் இரண்டாகப் பிரிந்த வெறும் கேபிள். "இது பேருக்குத்தான் ரெண்டு. தெம்பு கெடையாது, பேஜாரு. தொடாதீங்க." இரண்டாவது, தனியாகக் கரெண்ட் எடுத்துக்கொள்ளும் டப்பா. "இது நல்ல தெம்பு. ஆனா ஒண்ணு சார். உங்க உள் டிவி பழசு. அதால அவ்ளோ தெளிவான படத்த வாங்க முடியாது. அதனால இது ரெண்டு டிவிக்குமே அந்தப் பழைய டிவியால எவ்ளோ முடியுமோ அவ்ளோதான் அனுப்பும். ஹால்ல கொஞ்சம் மங்கும்."

"எவ்வளவு மங்கும்?"

"பந்து தெரியும். பந்துல தையல் தெரியாது."

மூன்றாவது டப்பா அவரிடம் இல்லை, வரவழைக்க வேண்டும். அது ஒவ்வொரு டிவிக்கும் அதற்கேற்ற படத்தைத் தனித்தனியாக மாற்றி அனுப்புமாம். ஹாலில் தெளிவு குறையாது. அதை வரவழைக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "மாத்தி அனுப்பறதால கண்ணு சிமிட்டற நேரம் பின்னால வரும், அவ்ளோதான்" என்றார்.

"பின்னாலயா?"

"ஐய, கண்ணு சிமிட்டற நேரம் சார். யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நேற்றுப் பேப்பர் என்பாள். பின்னால் என்கிற சொல்லே என் வீட்டுக்குள் வரவேண்டாம் என்று இருந்தது. ஹால் டிவியின் தையல் தெரியாவிட்டால் போகிறது. இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன். வாங்கிய பிறகு ஆட்டோவில் ஒருமுறை, வீட்டு வாசலில் ஒருமுறை, சரியானதைத்தான் வாங்கினேனா என்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். இந்த முறை துளைகளின் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அந்த அம்மாவே ஸ்கூட்டரில் வந்தார். ஏணியில் ஏறிச் சுவரில் கிளிப் அடித்தார். நாற்பத்திரண்டு கிளிப். பூஜை அறை வாசலுக்கு வந்ததும் செருப்பில்லாத கால்தான் என்றாலும் ஒரு தடவை உள்ளே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு தோரணத்துக்கு மேலே அடித்தார். மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மேட்ச் பாக்கறது சாரா, நீங்களா அக்கா?"

"பாக்கறது நான். அவர் எழுதுவார்."

"எழுதுவாரா? பரீட்சையா?"

"அப்படித்தான். நாப்பத்தாறு வருஷமா எழுதறார். இன்னும் பாஸாகல."

இருவரும் சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

பிளக்கைப் போட்டதும் டப்பாவில் விளக்குகள் எரிந்தன. ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில், இரண்டு டிவியும் ஒரே நேரத்தில் தெரிகிற ஓர் இடத்தில் போய் நின்றேன். ஒரு சோப்பு விளம்பரம். இரண்டு திரையிலும் அதே பெண் அதே நொடியில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. ஹாலில் படம் மங்கித்தான் இருந்தது. என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். மங்கல்தான். சரி, இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி ஆட்டம். நம்ம ஊர் அணி. மூன்று மணிக்கே நோட்டில் கோடு போட்டு, பெயர்களை எழுதி, பேனாவை இரண்டு முறை உதறிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். ஹாலில் சத்தம் நாற்பது. அவள் காதில் விழக்கூடாது என்று உள்ளறைக் கதவைப் பாதி சாத்தியிருந்தேன். அவள் உள்ளே பதினொன்றில் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் பந்து போட்டார்கள். நான் குனிந்து காத்திருந்தேன்.

உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

முதல் பந்தை ரீப்ளேயில் பார்த்துக் குறித்தேன். இரண்டாவது பந்தை நானே நிமிர்ந்து பார்த்து எழுதினேன். மூன்றாவதையும். முதல் ஓவர் முடிந்தது. கூச்சம்போல, இத்தனை மாதத்துக்குப் பிறகு ஆரம்பிக்க ஒரு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது ஓவரில் தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். மூன்றாவது ஓவரில் ஒரு சிக்ஸர் போனது. அதற்கும் ஒரு சத்தம் இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள், எனக்காகத்தான் மேலே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது. நான்காவது, ஐந்தாவது ஓவர்களை எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. சுவரில் நாற்பத்திரண்டு கிளிப்பும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்தாவது ஓவர் முடிந்து விளம்பரம் போட்டதும் நோட்டோடு எழுந்தேன். நாற்காலியிலிருந்து கட்டில் வரை பதினேழு தப்படி.

அவள் தூங்கவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று, பின்பக்கம் திருப்பியது. கையில் பென்சில். டம்ளர் தண்ணீர் காலியாக இருந்தது.

"ஏன் பதிலே சொல்லல?" என்றாள். குரல் கரகரத்திருந்தது. அருகில் நின்றதால் கேட்டது.

"எதுக்கு?"

"முப்பது பந்து சொன்னேன். முப்பதுக்கும் ஒரு 'ஆச்சு' வரல."

தன் வாழ்நாளில் எதையும் எண்ணாதவள் அவள். பால் பாக்கெட்டைக்கூட நான்தான் எண்ணி வாங்குவேன். அவள் முப்பதையும் எண்ணியிருந்தாள்.

"டிவி சத்தத்துல... இந்த ஸ்பீக்கர் பின்பக்கமா இருக்கறதால..." என்று ஆரம்பித்தேன். அவள் பென்சிலை மடியில் வைத்தாள். நானே நிறுத்திவிட்டேன்.

"முதல்ல கோவமோன்னு நெனச்சேன்" என்றாள். "பத்தாவது பந்துல புரிஞ்சுபோச்சு. அப்புறம் சும்மா வழக்கத்துக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன். இதுல எழுதியும் வெச்சேன், உங்களுக்கு ஆகுமேன்னு."

காலண்டர் தாளை வாங்கி என் நோட்டோடு வைத்துப் பார்த்தேன். பத்தாவது பந்திலிருந்து புள்ளியும் எண்ணுமாக அவள் கையெழுத்து. இருபத்துமூன்று நோட்டிலும் இல்லாத கையெழுத்து. என் கணக்கில் முப்பத்தொரு பந்து இருந்தது. ஓவர் கணக்கில் சேராத ஒரு வைடை நான் பந்தாக எழுதியிருந்தேன். அம்பயர் கையை விரித்ததை, குனிந்திருந்ததால் பார்க்கவில்லை. வைடு என்று வர்ணனையாளர் சொன்னது காதில் விழவில்லை. என் வேலையில் ஒரு விதி இருந்தது. புத்தகமும் அடுக்கும் ஒத்துப்போகாவிட்டால், அடுக்கில் இருப்பதுதான் உண்மை, புத்தகத்தைத் திருத்த வேண்டும். திருத்தினேன்.

பிறகு போய் பால்கனியிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தேன்.

"எங்க போடறீங்க?"

"எங்க போட்டா என்ன?"

"எந்தக் காது கேக்குது?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி. டாக்டர் மூன்று முறை கேட்டும், ஏழு முறை போனை வைத்தும், நாற்பது வரை எண்ணை ஏற்றியும் நான் சொல்லாதது அது. கடைக்கார அம்மா கவுன்ட்டரைச் சுற்றி வந்து எந்தப் பக்கம் நின்றார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒரே நாளில் தெரிந்திருக்கிறது.

"வலது" என்றேன். "அதுவும் கொஞ்சம்தான்."

"அப்போ கட்டிலுக்கு இந்தப் பக்கம் போடுங்க."

போட்டேன். உள் டிவியின் பதினொன்றில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. வர்ணனையாளர்கள் மீன்போல வாயைத் திறந்து மூடினார்கள். ஆனால் அவள் பேசினால் கேட்டது. ஹால் டிவியின் இரைச்சல் அவளுக்கு ஆகாதே என்று எழுந்துபோய் அதை அணைத்தேன். உடனே உள்ளேயிருந்து, பதினேழு தப்படி தாண்டியும் எனக்கே கேட்கும்படி ஒரு கூச்சல்.

"போச்சு! படம் போச்சு!"

ஓடி வந்து பார்த்தேன். உள்ளேயும் திரை கறுத்திருந்தது. இரண்டு நொடியில் தானாக வந்துவிட்டது. ஒன்றை அணைத்தால் அந்த டப்பா தடுமாறி இன்னொன்றையும் ஒரு கணம் நிறுத்திவிடுகிறது. மறுபடி ஹால் டிவியைப் போட்டபோதும் அதேபோல ஒருமுறை கறுத்தது. இனி அதைத் தொடுவதில்லை என்று, சத்தத்தை மட்டும் சைபரில் வைத்துவிட்டு ஓடவிட்டேன். யாரும் இல்லாத ஹாலில், மங்கலாக, ஊமையாக அது ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் இருவரும் ஒரே சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுக்கு எதுக்குங்க இருபது மீட்டர் வயரு?" என்றாள்.

"போனது பதினஞ்சு மீட்டர் எழுபது. மீதி சுருண்டு கிடக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆறாவது ஓவர் தொடங்கியிருந்தது. படம் போன நேரத்தில் ஒரு பந்து போயிருக்கிறது. என்ன ஆனது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திரையின் கீழே ஓடும் எண்ணைப் பார்த்துக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். எனக்கு அது சுலபமில்லை. இதை எழுதும் இப்போதும் அந்தக் கட்டம் உறுத்துகிறது.

இன்னும் எண்பத்தொன்பது பந்து இருந்தது. அதற்குப் பிறகு எதிரணியின் நூற்றிருபது. அவள் தொண்டை தாங்குமா, என் முதுகு தாங்குமா தெரியவில்லை. பந்து வீசுகிறவன் ஓடி வந்தான். நான் குனிந்துகொண்டேன்.

"புள்ளி" என்றாள், என் வலது காதுக்கு நேராக.

"ஆச்சு."